தனியாக கிராஸ் கன்ட்ரி: 99 எப்போதும் இடப்பக்கம்

கேள்வி: அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கிறேன். முதல் சோலோ முடிந்துவிட்டது. அடுத்தது தனியாக கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊர் நிலையத்துக்குப் பறந்து போய் வருவது. வழி தவறிவிடுவேனோ என்று உள்ளுக்குள் உதறல். ஐபேடில் எல்லாமே தெரியும்போது காகித வரைபடம், பென்சில் கணக்கு எல்லாம் எதற்கு? போய் வந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்:

வழி தவறினால் உடனே தெரிந்துவிடும், அப்போது வயிற்றைக் கலக்கும் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவம் அப்படி இல்லை. நான் வழி தவறியபோது ரொம்ப நிம்மதியாக இருந்தேன். ஓடுதளம் கண்முன்னே தெரிந்தது, கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போனது, ரேடியோவில் என் வரவைக்கூட அறிவித்துவிட்டேன். ஊர்தான் வேறு. அந்தக் கதையைச் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு ஒழுங்கான பதிலாக இருக்கும்.

நான் படித்தது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள லிவர்மோரில். வாரம் முழுக்க மென்பொருள் வேலை, சனிக்கிழமை விமானம். சட்டம் குறைந்தது 40 மணி நேரம் என்று சொல்லும் உரிமத்துக்கு எனக்கு 71 மணி நேரம் ஆனது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்களுக்கு 40-ல் முடிவதில்லை. உங்களுக்கும் முடியாவிட்டால் கவலைப்படாதீர்கள். செலவுக்கு மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விதிகளை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க விதிப்படி நீங்கள் தனியாக மொத்தம் 10 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 5 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு நிலையத்தில் இறங்கினால்தான் அது கணக்கில் வரும். அந்த ஐந்து மணிக்குள் ஒரு நீண்ட பயணம் கட்டாயம்: மொத்தம் 150 கடல் மைல், மூன்று இடங்களில் முழுதாக இறங்கி நிற்க வேண்டும், ஒரு கட்டமாவது 50 மைலுக்கு மேல் இருக்க வேண்டும். பகலில் பார்வைத் தொலைவு 3 மைலுக்குக் குறைந்தால் மாணவர் பறக்கக் கூடாது, தரை கண்ணுக்குத் தெரியாமல் மேகத்துக்கு மேலேயும் போகக் கூடாது. பயணி யாரையும் ஏற்றக் கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் உங்கள் திட்டத்தையும் அன்றைய வானிலையையும் ஆசிரியர் பார்த்து, லாக்புக்கில் தனியாகக் கையெழுத்து போட வேண்டும். ஊரில் தம்பி தங்கைகள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ 200 மணி நேரம் கேட்கிறது, அங்கே அந்த நீண்ட பயணம் 300 கடல் மைல், இரண்டு வேறு நிலையங்களில் இறங்க வேண்டும். தூரம் கூடினாலும் செய்கிற வேலை ஒன்றேதான்.

என் நீண்ட பயணம் ஒரு முக்கோணம். லிவர்மோரிலிருந்து கிழக்கே மத்தியப் பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்செட், சுமார் 67 கடல் மைல். அங்கிருந்து தென்மேற்கே மலையைத் தாண்டிக் கடலோரம் சலினாஸ், 65 மைல். பிறகு வடக்கே திரும்பி லிவர்மோர், 63 மைல். இரண்டு முறை கிளம்ப முடியாமலே போனது. முதல் வாரம் சலினாஸில் கடல் மேகம் ஆயிரம் அடியில் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது, மதியம் வரை எழுந்திருக்கவே இல்லை. கோடையில் அந்தக் கடற்கரைக்கு அதுதான் வழக்கம். குளிர்காலத்தில் போகலாம் என்றால் அப்போது பள்ளத்தாக்குப் பக்கம் தூலி மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் இல்லாத அக்டோபர்தான் நல்ல மாதம். இரண்டாவது முறை விமானத்தின் ஒரு டயரில் காற்று இறங்கியிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இப்போது பென்சில் கணக்குக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் லிவர்மோருக்கும் மெர்செட்டுக்கும் நடுவே கோடு போட்டு அளந்தால் உண்மை வடக்கை வைத்து 111 டிகிரி. அந்தப் பகுதியில் காம்பஸ் காட்டும் வடக்கு ஏறத்தாழ 13 டிகிரி கிழக்கே சாய்ந்திருக்கிறது. கிழக்கென்றால் கழிக்க வேண்டும், ஆக 98. அடுத்தது காற்று. முதல் நாள் இரவும் காலையிலும் பார்த்த மேல்காற்றுக் கணிப்பு ஒன்றையே சொன்னது: வடமேற்கிலிருந்து, 340 டிகிரி, 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்). அந்தக் காற்று என்னை இடப்பக்கப் பின்னாலிருந்து தள்ளும். அதாவது கொஞ்சம் வேகம் கூட்டும், கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கும். ஒதுக்குவதைச் சரிக்கட்ட மூக்கை 6 டிகிரி இடப்பக்கம் வைத்துப் பறக்க வேண்டும் என்று ஈ6பி கணக்கு அட்டை சொன்னது. காம்பஸில் 92. காற்று வேகத்தில் 110 நாட் போகும் செஸ்னா 172, பின்காற்றின் தயவில் தரைக்கு 120 நாட் போகும். ஏறும் நேரத்தையும் சேர்த்தால் மெர்செட்டுக்கு 37 நிமிடம். உயரம் 5,500 அடி. கிழக்குத் திசைப் பயணத்துக்கு ஒற்றைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு என்பது விதி.

இதையெல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி முழங்கால் பலகையில் செருகிக்கொண்டேன். கட்டங்களில் வழியடையாளங்கள்: ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகள், கால்வாயும் அதை ஒட்டிய 5-ஆம் எண் நெடுஞ்சாலையும், பேட்டர்சன் என்ற சிற்றூர், சான் வாக்கின் ஆறு, இடப்பக்கம் ஆறு மைல் தள்ளி டர்லக். ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது நிமிடம் வர வேண்டும் என்பது பக்கத்தில். அதை அடுத்த கட்டம் காலி. போகும்போது உண்மையில் வந்த நேரத்தை அதில் எழுத வேண்டும்.

ஆசிரியர் அந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். எழுபதைத் தொட்டவர், அதிகம் பேச மாட்டார். பென்சிலை வாங்கி ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: "99 எப்போதும் இடப்பக்கம்." 99 என்பது பள்ளத்தாக்கின் ஊர்களை எல்லாம் கோத்துக்கொண்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்கே ஓடும் நெடுஞ்சாலை. என் கோடு அதை வெட்டாது. அந்தச் சாலைக்குத் தென்மேற்கே, கூடவே வந்து மெர்செட்டில் முடியும். மெர்செட் விமான நிலையமும் சாலைக்குத் தென்மேற்குப் பக்கம்தான். "எதற்கு இது?" என்று கேட்டேன். "தேவைப்படலாம்" என்றார். கையெழுத்து போட்டார், காபி எடுக்கப் போய்விட்டார்.

தனியாக உட்காரும்போது முதலில் உறைப்பது வலது இருக்கையின் வெறுமை. முதல் சோலோவிலேயே அதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே ஓடுதளம் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். கிராஸ் கன்ட்ரியில் பத்து நிமிடத்தில் அது மலைக்குப் பின்னால் போய்விடும். விமானமும் ஆள் குறைந்ததால் லேசாகிவிடும், நினைத்ததைவிடச் சீக்கிரம் ஏறும். எனக்கு அன்று கையும் காலும் நன்றாகவே வேலை செய்தன. பறக்கத் தெரியுமா என்ற பரீட்சை இல்லை இது என்பது அங்கேதான் புரிந்தது.

ஆல்டமான்ட் காற்றாலைகளின் மேலே போனபோது கீழே பார்த்தேன். பாதி ஆலைகள் சும்மா நின்றன. நான் பிறந்து வளர்ந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி விசிறி சுற்றுவதைப் பார்த்தே இன்றைக்குக் காற்று எப்படி என்று சொல்கிற ஊர். அந்த ஊர்க்காரன் நிற்கிற காற்றாலையைப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, போட்டோ எடுக்க ஆளில்லையே" என்று நினைத்துக்கொண்டு போகிறான். தரையில் காற்று இல்லாவிட்டாலும் 5,500 அடியில் இருக்கலாம்தான். ஆனாலும் ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டும்.

கால்வாய்க்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தேன். காலிக் கட்டத்தில் ஒழுங்காக எழுதினேன். அடுத்து பேட்டர்சன் காலடியில் வர வேண்டும். வரவில்லை. குறித்த நேரம் தாண்டி ஒன்றரை நிமிடம் கழித்து வலப்பக்கம், நாலு மைல் தள்ளி ஒரு ஊர் தெரிந்தது. இங்கேதான் மனசு ஒரு வேலை செய்தது. "அது தெற்கே இருக்கிற நியூமன். பேட்டர்சனை நாம் கவனிக்காமல் தாண்டியிருப்போம்" என்றது. நானும் சரி என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆறு வந்தது. ஆறு வந்ததும் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், அந்த ஆறு பள்ளத்தாக்கு நெடுகப் பல மைல் ஓடுகிறது. எந்த இடத்தில் கடந்தாலும் ஆறு ஆறுதான். நான் எங்கே கடக்கிறேன் என்பதை அது சொல்லாது.

நடந்தது இதுதான். கணித்த காற்று அன்று அடிக்கவே இல்லை. பின்னாலிருந்து தள்ளக் காற்று இல்லாததால் நேரம் பிந்தியது. பக்கவாட்டில் ஒதுக்கவும் காற்று இல்லை. ஆனால் அதற்காக நான் இடப்பக்கம் வைத்த 6 டிகிரி மட்டும் அப்படியே இருந்தது. விமானிகளிடம் அறுபதுக்கு ஒன்று என்று ஒரு மனக்கணக்கு உண்டு: ஒரு டிகிரி தவறினால் 60 மைலில் ஒரு மைல் விலகியிருப்பாய். 6 டிகிரிக்கு 60 மைலில் 6 மைல். பேட்டர்சன் வரும்போது 37 மைல் போயிருந்தேன், அதற்கு ஏறக்குறைய நாலு மைல் விலகல். ஊர் எவ்வளவு தள்ளித் தெரிந்ததோ சரியாக அவ்வளவு! தாளில் எல்லாமே இருந்தது. நேரம் பிந்துகிறது என்றால் நினைத்த காற்று இல்லை, நினைத்த காற்று இல்லை என்றால் அதை வைத்துப் போட்ட ஹெட்டிங்கும், அதாவது மூக்கை வைக்கும் திசையும், செல்லாது. இந்த இரண்டாவது படியை நான் ஏறவில்லை. தாமதத்தை வெறும் தாமதமாக எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

33-ஆவது நிமிடம் நேர் எதிரே ஓர் ஓடுதளம். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வடமேற்கு–தென்கிழக்காகக் கிடந்தது. மெர்செட் ஓடுதளத்தின் எண் 12-30 (அது நோக்கும் திசையைச் சொல்லும் எண்), அதே சாய்வு. மெர்செட்டில் டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) கிடையாது, வருகிறவர்கள் பொது அலைவரிசையில் தாமே அறிவித்துக்கொள்ள வேண்டும். "மெர்செட் டிராஃபிக், செஸ்னா, வடமேற்கே எட்டு மைல், இறங்க வருகிறேன், மெர்செட்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தேன்.

கிட்டே போகப் போக ஓடுதளம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் கடல் போல கான்கிரீட் தரை. மெர்செட் ஓடுதளம் 5,900 அடி என்று தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது. இதன் நீளம் அதைப் போல இரண்டு மடங்கு. அப்போதும் மனசு விடவில்லை. "மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும் போல" என்றது. சந்தேகம் என்று எனக்கு எதுவும் வந்ததாக நினைவில்லை. இறங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய சரிபார்ப்புக்காக முழங்கால் பலகையைப் பார்த்தேன். ஓரத்தில் ஆசிரியரின் பென்சில் வரி. 99 எப்போதும் இடப்பக்கம். இடப்பக்கம் திரும்பினேன், வயல்கள். வலப்பக்கம் திரும்பினேன். லாரிகள் வரிசையாகப் போகிற அகலச் சாலை, கூடவே ரயில் பாதை. 99 வலப்பக்கம் கிடந்தது. எப்போதோ அதைக் கடந்திருக்கிறேன், தெரியவே இல்லை.

முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது என்பார்களே, அதேதான். இறங்குவதை நிறுத்தினேன், சக்தியைக் கூட்டினேன், வலப்பக்கம் திரும்பி 99-ஐத் திரும்பக் கடந்தேன். அப்புறம்தான் வரைபடத்தைப் பார்த்தேன். எதிரே இருந்தது கேஸ்ல். பனிப்போர்க் காலத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற விமானப்படைத் தளம், 1995-ல் மூடப்பட்டுப் பிறகு பொது விமான நிலையமானது. ஓடுதளம் 12,000 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எண் 13-31, மெர்செட்டின் 12-30-க்கு அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஆறு மைல். கேஸ்லில் டவர் உண்டு, அவர்களிடம் பேசாமல் நிலையத்தைச் சுற்றியுள்ள அவர்களின் வான் வட்டத்துக்குள் நுழைவது விதிமீறல். நல்ல வேளை, வட்டத்துக்கு வெளியேதான் திரும்பியிருந்தேன். மூன்று நிமிடம் கழித்து, மெர்செட் தன் அடக்கமான 5,900 அடியோடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இறங்கினேன். மெத்தென்ற லேண்டிங். யாரும் பார்க்கவில்லை.

இது மாணவன் செய்கிற தவறு என்று நினைத்துவிடாதீர்கள். 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஒன்று பம்பாய் சாந்தாக்ரூஸுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த குட்டி ஜூஹு நிலையத்தில் இறங்கி, ஓடுதளம் போதாமல் வெளியே போய் நின்றது. 2013 நவம்பரில் கன்சாஸின் விச்சிட்டாவில், விமானப் பாகங்களைச் சுமக்கும் மாபெரும் போயிங் 747 டிரீம்லிஃப்டர், மெக்கானல் தளத்துக்குப் போக வேண்டியது, ஜபாரா என்ற சின்ன நிலையத்தில் இறங்கியது. அதற்கு இரண்டே மாதத்தில் மிசூரியில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்று பிரான்சனுக்குப் பதில் பக்கத்து நிலையத்தில். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள், விமானத்தில் எல்லாக் கருவியும் உண்டு. எதிர்பார்த்த பக்கம், எதிர்பார்த்த நேரத்தில், எதிர்பார்த்த மாதிரி ஓர் ஓடுதளம் தெரிந்தால் கண் அத்தோடு தேடுவதை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு மனசு செய்கிற வேலை எல்லாம் அதற்கு வக்காலத்து வாங்குவதுதான்.

அதனால் என் ஆசிரியர் பின்னால் சொல்லித் தந்த முறையை உங்களுக்குத் தருகிறேன். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், பிறகு வரைபடத்தில் "இப்போது நான் இங்கே இருக்க வேண்டும்" என்று விரல் வையுங்கள், அதன் பிறகே கீழே பார்த்து அங்கே இருக்க வேண்டியதைத் தேடுங்கள். முதலில் கீழே பார்த்துவிட்டு வரைபடத்தில் அதற்கு ஒரு பெயர் தேடினால் ஏதாவது ஒரு பெயர் கிடைக்கத்தான் செய்யும். எனக்கு நியூமன் கிடைத்தது போல. இன்னொன்று, ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றுக்கு மூன்று அடையாளம் வையுங்கள். ஊர் மட்டும் போதாது. ஊரின் எந்தப் பக்கம் ரயில் பாதை, எந்தப் பக்கம் ஆறு, தண்ணீர்த் தொட்டி எங்கே. இலக்குக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: இது தவறான நிலையமாக இருந்தால் எனக்கு எதிலிருந்து தெரியும்? பக்கத்தில் பத்து மைலுக்குள் வேறு ஓடுதளம் இருந்தால் அதன் பெயரையும் நீளத்தையும் அது சாலைக்கு எந்தப் பக்கம் என்பதையும் முதல் நாளே குறித்துவிடுங்கள்.

மெர்செட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டு இறக்கையின் நிழலில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டித் தந்தது என்று சொல்ல ஆசைதான், அம்மா நாகர்கோவிலில் இருக்கிறாள். நானே கிண்டிய தயிர்சாதம். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த கட்டத்தின் காற்றைப் பூஜ்யமாக வைத்துத் தாளை மறுபடி கணக்குப் போட்டேன். எரிபொருளைக் குச்சி விட்டு அளந்தேன். பகல் பயணத்துக்குச் சட்டம் கேட்பது அரை மணி நேரக் கையிருப்பு. என் ஆசிரியர் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் சாவியே தர மாட்டார். அதையே நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் ரேடார் கண்ட்ரோலரைக் கூப்பிட்டு ஃபிளைட் ஃபாலோயிங், அதாவது ரேடாரில் என்னைக் கவனித்தபடி வரும் சேவை, கேட்டேன். முதல் கட்டத்தில் கேட்காததற்குக் காரணம் வெறும் கூச்சம். நம் உச்சரிப்பு புரியாமல் "திரும்பச் சொல்" என்று கேட்டால் அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லா ஏர்லைன்ஸ்காரனும் கேட்பானே என்று. நம்மவர்கள் பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். அழைப்புப் பெயரோடு "ஸ்டூடண்ட் பைலட்" என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் பேச்சு உடனே நிதானமாகிவிடும். வழி நிஜமாகவே தெரியவில்லை என்றால் உயரம் ஏறுங்கள். மேலே போனால் தூரம் தெரியும், ரேடியோவும் நன்றாக எட்டும். பேசிக்கொண்டிருக்கும் கண்ட்ரோலரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரோடும் பேசவில்லை என்றால் அவசர அலைவரிசை 121.5. மாணவன் வழி கேட்டான் என்று யாரும் உரிமத்தைப் பிடுங்குவதில்லை.

லாஸ் பானோஸ் ஊர் சொன்ன நிமிடத்தில் காலடியில் வந்தது. வலப்பக்கம் சான் லூயிஸ் நீர்த்தேக்கம் நீலமாகக் கிடந்தது. அக்டோபரில் புல்லெல்லாம் காய்ந்து, மலைகள் சிங்கத்தின் முதுகு நிறத்தில் இருந்தன. 6,500 அடியில் கொஞ்சம் குலுக்கல், பயப்படும்படி இல்லை. கடைசி மலையான கேபிலான் தொடரைத் தாண்டியதும் சலினாஸ் பள்ளத்தாக்கு திடீரென்று கீழே விழுகிறது. மலைக்குப் பிறகு பத்து மைலுக்குள் கடல் மட்டம் வரை இறங்க வேண்டும், முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் நிலையத்தின் தலைக்கு மேலே உயரமாக வந்து நிற்பீர்கள். சலினாஸில் டவர் உண்டு. கடலிலிருந்து குறுக்குக்காற்று, பள்ளத்தாக்குக்கு நேர்மாறாக இங்கே வஞ்சனையில்லாமல் அடித்தது. இறங்கிய பிறகு டாக்ஸி பாதை புரியாமல் வழி சொல்லும்படி கேட்டேன், திருப்பத்துக்குத் திருப்பம் சொன்னார்கள்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வழக்கமான பாதை, தெரிந்த மலைகள், சான் ஹோசே வான் எல்லைக்கு வெளியே ஒதுங்கியே வந்தேன், வலப்பக்கம் ஹாமில்டன் மலை உச்சியில் லிக் வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் கவிகைகள். லிவர்மோரில் இணையாக இரண்டு ஓடுதளங்கள், வலது நீளம், இடது குட்டை. டவர் எதைச் சொன்னதோ அதையே இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

ஐபேட் கேள்விக்கு வருகிறேன். அது என் பையில்தான் இருந்தது. திறக்காதே என்று ஆசிரியர் சொல்லவில்லை, "தேவைப்பட்டால் எடு" என்றுதான் சொன்னார். கேஸ்லை நோக்கி நான் இறங்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தேவைப்படவே இல்லையே! அதுதான் விஷயம். திரையில் சின்ன விமானப் படம் நகர்வதைப் பார்ப்பவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்காதவர் கேள்வி எழும்போதுதான் எடுப்பார். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்றால் தாளில் நேரம் எழுதுகிற பழக்கம் வேண்டும். உரிமம் வாங்கிய பிறகு நானும் ஐபேடோடுதான் பறக்கிறேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோடையில் பள்ளத்தாக்கு வெயிலில் கண்ணாடியோரம் வைத்த ஐபேட் சூடேறிக் கருந்திரையாவதை இரண்டு முறை பார்த்தாயிற்று. தேர்வு எடுப்பவரும் நடுவழியில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, "இப்போது எங்கே இருக்கிறோம்?" என்று கேட்கத் தயங்க மாட்டார்.

விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு உள்ளே போனேன். ஆசிரியர் அங்கேயே இருந்தார், அதே காபிக் கோப்பை. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. முழங்கால் பலகையைக் கேட்டு வாங்கி, நேரக் கட்டங்களின் மேல் விரலை ஓட்டி பேட்டர்சனில் நிறுத்தினார். "இங்கே ஒன்றரை நிமிடம் பிந்தியிருக்கிறாய். உன் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "கேஸ்லை மெர்செட் என்று நினைத்த முதல் ஆள் நீ இல்லை. போன வருஷம் ஒருத்தன் இறங்கியே விட்டான்" என்று அவர் ஆரம்பித்தபோது என் செல்பேசி அடித்தது. விமானிகளின் பயணத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஃபிளைட் சர்வீஸிலிருந்து ஒரு பெண் குரல். கடைசிக் கட்டத்துக்குக் கொடுத்திருந்த ஃபிளைட் பிளானை நான் முடித்துவைக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் ஆகிவிட்டால் அவர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இறங்கிவிட்டீர்களா, எந்த நிலையத்தில் இருக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

பதில் சொல்லும் முன் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் பெயர்ப் பலகையை ஒரு முறை படித்துவிட்டு, "லிவர்மோர்" என்றேன்.